பிரிந்தவர் சேரலாமா? மாட்டுக்கொட்டகை சொல்லும் பதில்



'பிரிந்த காதலுக்கு இரண்டாவது வாய்ப்புத் தரலாமா?' என்பது இன்றைய தலைப்பு. தரக்கூடாது என்பவர்கள் உடைந்த கண்ணாடியைக் காட்டுகிறார்கள். தரலாம் என்பவர்கள் நீரடித்து நீர் விலகுமா என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் கைதட்டல் விழுகிறது. ஆனால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனதும், கணவனைப் பிரிந்து வந்து மூலையில் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு என்ன சொல்வது என்று எந்தத் தாய்க்கும் தெரிவதில்லை. கண்ணாடியும் தண்ணீரும் மனிதர்கள் இல்லையே!

ஆகவே இந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் ஒரு மாட்டுக்கொட்டகைக்குள் கொண்டு போய்ப் பார்க்கலாம். கொட்டகை இருக்கும் ஊர், ஜொகூர் மாநிலத்து ரெங்கம்.

ரெங்கம் குளுவாங் மாவட்டத்தில் உள்ள சிறிய ரயிலடி ஊர். வடக்கே குளுவாங், தெற்கே லாயாங் லாயாங், அதையும் தாண்டினால் கூலாய். அன்னாசிக்குப் பெயர்போன சிம்பாங் ரெங்கம் பக்கத்திலேயே இருக்கும் வேறு ஊர். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு வழி தவறியவர்கள் உண்டு. ரெங்கத்தைச் சுற்றி முதலில் ரப்பர்த் தோட்டங்கள், பிறகு செம்பனைத் தோட்டங்கள். அந்த லயங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒன்றிரண்டு மாடுகளாவது நின்றன. காலையில் மரம் வெட்டு, மாலையில் புல்லறுப்பு. தோட்டச் சம்பளம் வயிற்றுக்குப் போதும். பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பசுவின் மடிதான் பார்த்துக்கொண்டது. இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களோடு கப்பலேறி வந்த மாடுகளின் வழித்தோன்றல்களை 'லோக்கல் இந்தியன் டெய்ரி' என்று தனிப் பெயரிட்டே மலேசியக் கால்நடை அறிஞர்கள் எழுதுகிறார்கள். பின்னாளில் பிரீசியனையும் சாஹிவாலையும் கலந்து 'மஃப்ரிவால்' என்ற கறவை இனம் வந்தது. செம்பனை நிழலில் மாடு மேய்த்தால் களைக்கொல்லிச் செலவு குறைகிறது என்று கண்டு, பெரிய தோட்டங்களும் மாடு வளர்ப்பில் இறங்கின. பக்கத்தில் குளுவாங்கிலேயே கால்நடைத் துறையின் ஆய்வு நிலையமும் பயிற்சிக் கழகமும் இருக்கின்றன. மாட்டுக்காரருக்கும் மாட்டு வைத்தியருக்கும் ரெங்கம் பழகிய மண்.

இனி ஒரு கதை. ஊரும் தொழிலும் நோயும் உண்மை. ஆட்கள் மட்டும் கற்பனை.

நாற்பது மாடு, ஒரு பொய்

அவர் ரெங்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா விட்டுப்போன ஆறு மாடுகளை நாற்பதாக்கியவர். அவளும் அதே தோட்டம். செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு கால்நடை மருத்துவம் படிக்கப் போனாள். இருவருக்கும் விருப்பம், இரு வீட்டுக்கும் சம்மதம். படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று தட்டு மாற்றியாகிவிட்டது.

இறுதியாண்டு விடுமுறையில் அவள் ஊருக்கு வந்திருந்தபோது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி போட்ட ஒரு சினைப்பசு ஏழாம் மாதத்தில் கன்றை வீசிவிட்டது. செத்துப் பிறந்த கன்றை அவர் வெறுங்கையால் இழுத்துப் போட்டார். நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுத்தார். அவள் பதறினாள்.

"இது கன்று வீச்சு நோயா இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பார்க்கணும்."

"ரத்தம் எடுத்தா மாடு போயிடும். சும்மா இரு."

அவர் பயந்ததில் அர்த்தம் இருந்தது. புருசெல்லோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் கன்று வீச்சு நோய் உறுதியானால், அந்த மாட்டை மந்தையில் வைத்திருக்க விடமாட்டார்கள். சோதித்துக் கழிப்பதே மலேசியாவில் கையாளும் முறை. நாற்பது மாட்டில் எத்தனை போகுமோ? வங்கிக் கடன் வேறு. மறுநாள், "அந்த மாட்டைக் கறிக்கு வித்துட்டேன், பேச்சை விடு" என்றார். அவள் நம்பினாள். இரண்டு வாரம் கழித்து, அடுத்த தோட்டத்து நண்பரின் கொட்டகையில் வெள்ளைச் சுட்டி மாடு அசை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள்.

தட்டு மாற்றியது திரும்பியது. மாட்டுக்காகப் பிரிந்தார்கள் என்று ஊர் சொன்னது. மாடு ஒரு சாக்கு. அவளுக்கு வலித்தது அந்தப் பொய்.

மழை இரவு

ஒன்றரை ஆண்டு ஓடியது. அவள் மருத்துவராகிக் குளுவாங்கில் வேலை பார்க்கிறாள். ஆண்டுக் கடைசி மழைக்காலம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மாத மழை எப்படி இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரவு பதினோரு மணிக்குத் தொலைபேசி. சினைமாடு மூன்று மணி நேரமாக முக்குகிறது, கன்று வரவில்லை. வழக்கமாக வருபவர் வெளியூரில். வேறு ஆள் இல்லை.

கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால் அதே வெள்ளைச் சுட்டி மாடு.

"வேற யாரும் கிடைக்கல, டாக்டர். நீங்க வருவீங்கன்னு நினைக்கல."

"கையுறை இருக்கா?"

இல்லை. அவளே ஒரு சோடி கொடுத்தாள். கன்றின் ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. மாடு முக்காத நேரம் பார்த்துக் கன்றை உள்ளே தள்ளி, குளம்பைக் கையால் மூடி, காலை நேராக்கி, கயிறு கட்டி, மாடு முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும். நடுவில் மாடு உதைத்தது. அவர் குறுக்கே தோளைக் கொடுத்தார். ஒரு மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு கன்று வைக்கோலில் விழுந்து மூச்சு விட்டது. அவருடைய அம்மா குடையோடு வந்து, "டீ குடிச்சிட்டுப் போம்மா" என்று கெஞ்சினார். மண்ணெண்ணெய் விளக்கு, மழைச் சத்தம், பிழைத்த கன்று. அவர் மெல்லச் சொன்னார்: "என்னை மன்னிச்சிடு. நாம மறுபடியும்..."

'நீங்க' என்று தொடங்கியவர் 'நீ' என்று வந்துவிட்டதை அவள் கவனித்தாள்.

மேற்கத்திய காதல் நாவல்களில் மாட்டுப் பண்ணைக்காரரும் கால்நடை மருத்துவரும் ஓயாமல் வரும் சோடி. பிரிவு, ஆபத்து, ஓர் இரவு, அணைப்பு, முற்றும். தமிழ்த் தொடர்களிலும் மருத்துவமனைக் கட்டிலருகே அப்படித்தான் சேர்கிறார்கள். பார்ப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அந்த இரவில் சேர்ந்தது சரியா என்பதுதான் இங்கே கேள்வி.

பயமும் காதலும் ஒரே மாதிரி துடிக்கும்

1974-இல் டட்டன், ஆரன் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கனடாவின் வான்கூவர் அருகே கப்பிலானோ என்ற தொங்கு பாலம் இருக்கிறது. கீழே ஏறக்குறைய 70 மீட்டர் பள்ளம். நடந்தால் ஆடும். அதைக் கடந்து வந்த ஆண்களை ஒரு பெண் நிறுத்திச் சில கேள்விகள் கேட்டாள். விவரம் வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று தொலைபேசி எண்ணையும் கொடுத்தாள். ஆடாத, உயரம் குறைந்த இன்னொரு பாலத்திலும் இதையே செய்தார்கள். ஆடும் பாலத்தில் எண் வாங்கிக்கொண்ட 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். ஆடாத பாலத்தில் 16 பேரில் 2 பேர்தான்.

பள்ளத்தைப் பார்த்து அடித்துக்கொண்ட நெஞ்சை, பெண்ணைப் பார்த்து அடித்துக்கொண்டதாக எண்ணிவிட்டார்கள் என்று அறிஞர்கள் விளக்கினார்கள்.

தமிழர்களுக்கு இது புதிதும் இல்லை. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஆயர் இளைஞர்கள் கொம்பு சீவிய காளை மேல் பாய்கிறார்கள். ஆயர் பெண்கள் பரண் மேலிருந்து பார்க்கிறார்கள். ஆபத்தும் காதலும் ஒரே களத்தில் நிற்கின்றன. ஆனால் காளையை அடக்கியவன் நல்ல கணவனாக இருப்பானா என்பது களத்தில் தெரியாது. பால் கறக்கும் நேரத்திலும், கடன்காரன் வரும் நேரத்திலும்தான் தெரியும்.

ஆகவே மழை இரவில் வந்த மன்னிப்பு பொய் என்று சொல்ல வேண்டாம். அது உண்மையாகவே இருக்கலாம். உண்மையா என்று தெரிந்துகொள்ள அந்த இரவு போதாது.

இரண்டாம் கன்று செய்யும் ஏமாற்று

இப்போது வெள்ளைச் சுட்டி மாட்டைப் பாருங்கள். சென்ற முறை கன்று வீசிய மாடு இந்த முறை உயிரோடு ஈன்றுவிட்டது. கால் மடங்கியது வேறு கோளாறு. அதற்கும் பழைய நோய்க்கும் தொடர்பில்லை. எந்த மாட்டுக்காரரும் என்ன நினைப்பார்? நோய் போய்விட்டது என்று நினைப்பார்.

கன்று வீச்சு நோயின் மோசடியே இங்கேதான். நோய் தொற்றிய பசு பெரும்பாலும் ஒரு முறைதான் கன்று வீசும். அடுத்த சினையில் நல்லபடியாக ஈனும். கிருமி மட்டும் உடம்பை விட்டுப் போயிருக்காது. பாலில் வரும், பனிக்குடத்து நீரில் வரும், நஞ்சுக்கொடியில் வரும். பசு கொழுகொழுவென்று நிற்கும். பச்சைப் பால் குடித்தவருக்கும் வெறுங்கையால் பேறு பார்த்தவருக்கும் காய்ச்சல் வரும். மாலையானால் ஏறும், விடிந்தால் வியர்த்து இறங்கும், மூட்டு மூட்டாக வலிக்கும். மாதக்கணக்கில் இழுக்கும்.

பிரிந்து சேரும் குடும்பங்களிலும் இந்த இரண்டாம் கன்று உண்டு. சேர்ந்த முதல் சில மாதம் வீடு மணக்கும். 'பார்த்தீர்களா, எல்லாம் சரியாகிவிட்டது' என்று உறவினர்கள் பெருமூச்சு விடுவார்கள். பிரிந்ததற்கான காரணத்தை யாரும் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். குடி என்றால் குடி அப்படியே இருக்கும். பொய் என்றால் பொய். மாமியார் தலையீடு என்றால் அது பக்கத்து அறையில் காத்திருக்கும்.

நோய் ஒன்று, மருந்து வேறு

காரணத்தைத் தவறாகப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியா கொடுத்த விலை பெரிது. 1998 செப்டம்பரில் பேராவில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தொடங்கியது. பிறகு நெகிரி செம்பிலானில் சிக்காமாட், புக்கிட் பெலாண்டோக் என்று பரவியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். புகை அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். நல்ல எண்ணம்தான், கடும் உழைப்புத்தான். ஆனாலும் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். ஊசி போட்டவர்களும் படுத்தார்கள். கொசு எல்லோரையும் கடித்திருக்கும். நோயோ பன்றியோடு பழகிய பெரியவர்களையே தேடிப் பிடித்தது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து மருத்துவர் சுவா கா பிங் உண்மையான கிருமியைப் பிரித்துக் காட்டினார். அதுவரை உலகம் அறியாத வைரஸ். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நீப்பாவின் பெயரே அதற்கு வந்தது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்திருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் கொல்லப்பட்டன. பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழம் பட்டியில் விழுந்து, பன்றிக்கு நோய் தொற்றியது என்பது பின்னர் தெளிந்தது. பட்டிக்குப் பக்கத்தில் பழமரம் நிற்கக்கூடாது என்ற பாடம் அப்போது பிறந்தது.

பாருங்கள், கொசுவை அடித்த அத்தனை உழைப்பும் மரத்தைத் தொடவில்லை. குடும்பச் சண்டையிலும் இதேதான். மனைவி பிரிந்து போனால் நகை வாங்கிக்கொண்டு போய் அழைக்கிறார்கள். கணவன் கோபித்துக்கொண்டால் விருந்து வைக்கிறார்கள். கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்குகிறார்கள். எல்லாம் நல்ல எண்ணம். பழமரம் மட்டும் பட்டியோரத்திலேயே நிற்கிறது.

ஹாலிவுட் நட்சத்திரங்கள் எலிசபெத் டெய்லருக்கும் ரிச்சர்ட் பர்ட்டனுக்கும் இல்லாத காதலா, இல்லாத நகையா? 1964-இல் மணந்து 1974-இல் மணவிலக்குப் பெற்றார்கள். 1975 அக்டோபரில் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில், காட்டு விலங்குகள் உலவும் ஆற்றங்கரையில், மறுபடி மணந்துகொண்டார்கள். உலகமே அதைப் படித்து மகிழ்ந்தது. 1976-இல் மறுபடி மணவிலக்கு. இருவருக்கும் அன்பு குறையவில்லை என்று அவர்களை அறிந்தவர்கள் எழுதினார்கள். பர்ட்டனின் குடியும் குறையவில்லை.

கோவலன் ஒன்றை ஒளிக்கவில்லை

இதற்கு எதிர்ப்பக்கம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. மாதவியோடு வாழ்ந்து பொருளைத் தொலைத்துவிட்டுக் கோவலன் வீடு திரும்புகிறான். கண்ணகி இடம் கொடுக்கிறாள். தமிழில் இரண்டாவது வாய்ப்பைப் பற்றிப் பேசும் எவரும் அந்த வாசலைத் தாண்டிப் போக முடியாது. மதுரைக்குப் போன அந்தச் சோடிக்குக் கடைசி அடைக்கலம் எங்கே கிடைத்தது? மாடு வளர்ப்பவர் வீட்டில். கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் குலத்து மாதரியிடம் ஒப்படைக்கிறார். அந்த இடைச்சேரி வீட்டில் கண்ணகி சமைத்துப் பரிமாற, உண்டு முடித்த கோவலன் தன் தவறுகளை ஒவ்வொன்றாக அவளிடமே சொல்லி வருந்துகிறான். பெற்றோரைத் தவிக்க விட்டது, கீழோரோடு சேர்ந்தது, அவளுக்குச் சிறுமை செய்தது. யார் மேலும் பழி போடவில்லை.

பிறகு சிலம்பு விற்கப் போனவன் திரும்பவில்லை. அந்த மறுவாய்ப்பைக் கொன்றது ஒரு பொற்கொல்லனின் சூழ்ச்சியும் அரசனின் அவசரமும். வெளியிலிருந்து வந்த ஆபத்து நல்ல மனமாற்றத்தையும் விடவில்லை. ஆனால் கோவலனும் கண்ணகியும் சேர்ந்தது பொய் என்று ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் யாரும் சொன்னதில்லை. ஏன்? அவன் தவறைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

சட்டம் தரும் ஆறு மாதம்

இது மனம் சம்பந்தப்பட்ட விஷயம், சட்டத்துக்கு என்ன வேலை என்று நினைப்பவர்கள் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். முஸ்லிம் அல்லாத மலேசியர்களுக்காக 1982 மார்ச் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன் 50-ஆம் பிரிவின்படி, தனிப்பட்ட கடுந்துன்பம் போன்ற காரணம் காட்டி அனுமதி பெற்றாலொழிய, மணமான இரண்டு ஆண்டுக்குள் மணவிலக்கு மனுச் செய்ய முடியாது. 106-ஆம் பிரிவின்படி, ஒருவர் மட்டும் மணவிலக்குக் கேட்டால், முதலில் சமரசக் குழுவிடம் போக வேண்டும். தேசியப் பதிவுத் துறையில் இதற்கான குழுக்கள் இருக்கின்றன. விவகாரம் வந்த ஆறு மாதத்துக்குள் தீர்க்கப் பார்க்க வேண்டும் என்று காலமும் குறித்திருக்கிறார்கள். இருவரும் ஒத்துப்போய்க் கூட்டு மனுச் செய்தால் இந்தப் படி தேவையில்லை.

ஆக, இரண்டாவது வாய்ப்பைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. அந்த ஆறு மாதத்தைச் சிலர் கையெழுத்துப் போடும் சடங்காக நினைத்துக் கழிக்கிறார்கள். அது ரத்தம் எடுத்துச் சோதிக்கக் கிடைத்த காலம். எதனால் பிரிந்தோம் என்று மூன்றாம் மனிதர் முன்னால் வாய் திறந்து சொல்லக் கிடைத்த இடம்.

ஒரு விஷயத்தில் மட்டும் தயக்கமே கூடாது. அடி உதை இருக்கும் வீட்டுக்கு, 'அனுசரித்துப் போ' என்று எந்தப் பெண்ணையும் திருப்பி அனுப்பக்கூடாது. சமரசம் சாத்தியப்படாத அசாதாரணச் சூழ்நிலையில் சமரசக் குழுவுக்குப் போகாமலே நீதிமன்றத்தை நாட 106-ஆம் பிரிவே வழி விடுகிறது. 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு ஆணை பெறலாம். 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், சமூகநல அதிகாரியிடமிருந்தே அவசரப் பாதுகாப்பு ஆணை பெற வழி செய்தது. 15999 என்ற தாலியான் காசே எண்ணை வீட்டில் ஒட்டி வைப்பது தவறில்லை. கொட்டகையில் உதைக்கும் மாட்டுக்கு வலி இருக்கிறது, பயம் இருக்கிறது. மனைவியை உதைக்கும் மனிதனுக்கு அந்தச் சாக்கு கிடையாது. தொற்று உள்ள இடத்தில் முதல் வேலை ஒதுக்கி வைப்பது. மற்றதெல்லாம் பிறகு.

விடிந்த பிறகு

ரெங்கத்துக் கொட்டகைக்குத் திரும்புவோம். 'நாம மறுபடியும்' என்று அவர் கேட்டாரே, அவள் என்ன சொன்னாள்?

"நாளைக்கு ரத்தம் எடுக்கணும். இந்த மாட்டுக்கு மட்டும் இல்ல. நாற்பதுக்கும்."

அவர் பேசவில்லை. அம்மா கொடுத்த டீ ஆறிப்போனது. அவள் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் குளுவாங் கால்நடை அலுவலகத்துக்குத் தொலைபேசி அடித்தது அவர்தான். அதிகாரிகள் வந்து ரத்தம் எடுத்தார்கள். 'ரோஸ் பெங்கால்' என்ற முதல் சோதனை சந்தேகத்தைக் காட்டும். இரண்டாவது சோதனை உறுதி செய்யும். மூன்று மாடுகள் பிடிபட்டன. வெள்ளைச் சுட்டியும் ஒன்று. லாரியில் ஏற்றும்போது அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த தோட்டத்து நண்பரிடம் தானே போய், "உங்க கொட்டகையில மாட்டை ஒளிச்சு வைச்சது என் தப்பு, உங்க மாட்டையும் பார்த்திடுங்க" என்று சொன்னார். ஊர் சிரித்தது.

அவருடைய ரத்தத்தையும் பார்த்தார்கள். நோய் இருந்தது. பல மாதமாக வந்து போன காய்ச்சலை வேலை அலுப்பு என்று நினைத்திருந்தார். இந்த நோய்க்கு டாக்சிசைக்கிளினும் ரிஃபாம்பிசினும் சேர்த்து ஆறு வாரம் சாப்பிட வேண்டும். காய்ச்சல் நின்றது என்று பாதியில் விட்டால் நோய் திரும்பும். மூன்றாம் வாரத்தில் உடம்பு தேறியதும் அவர் மாத்திரையை நிறுத்தப் பார்த்தார்.

"ஆறு வாரம்னா ஆறு வாரம்" என்றாள் அவள் தொலைபேசியில்.

"நீ சொன்னா சரி."

இந்த முறை அவள் அந்த 'நீ'யைத் திருத்தவில்லை. அவ்வளவுதான் கதை. கொட்டகைச் சுவரில் இப்போது ஒரு பெட்டிக் கையுறை தொங்குகிறது. அம்மா பாலைக் கொதிக்க வைக்காமல் யாருக்கும் ஊற்றுவதில்லை. புது மாடு வாங்கினால் சோதனைச் சீட்டு இல்லாமல் மந்தையில் சேர்ப்பதில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு மந்தைக்கு மறுசோதனை. கல்யாணம் நடந்ததா என்று கேட்பீர்கள். அதை அவர்கள் இருவரும் பார்த்துக்கொள்வார்கள். அவள் கேட்ட பதில் மழை இரவில் கிடைக்கவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிடைத்தது.

எனவே இந்த அரங்கின் கேள்விக்குப் பதில் இது. பிரிந்தவர் சேரலாம். சேர்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பிரிந்த காரணத்தைத் தவறு செய்தவர் தன் வாயால் சொன்னாரா? சொன்னதற்காக எதையாவது இழக்கத் துணிந்தாரா? காய்ச்சல் நின்ற பிறகும் மருந்தை விடாமல் சாப்பிடுகிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால், உறவினர்களே, குறுக்கே நிற்காதீர்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும், பெற்றவர்களே, அவசரப்பட்டு மகளின் பெட்டியைக் கட்டாதீர்கள். மகனைப் பெற்றவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெறுங்கையால் நஞ்சுக்கொடியை எடுக்கும் துணிச்சலைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். "என் தப்பு" என்று சொல்லும் துணிச்சலையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்.